பூசணிக்காய்க்குள் என்ன இருக்கிறது?

சிக்னலில் லாரிக்குப் பின்னால் டூ வீலரை நிறுத்திக்கொண்டு, அது விடுகிற புகையை வஞ்சனையில்லாமல் குடித்தபடி செகண்டு எண்ணும் பாக்கியம் நம்மில் பலருக்குத் தினமும் வாய்க்கிறது. 'ஒலி எழுப்பவும்' படித்தாகிவிட்டது. குழந்தைகளின் பெயர் வரிசையும் படித்தாகிவிட்டது. இன்னும் பச்சை விழவில்லை என்றால் கொஞ்சம் கீழே குனிந்து பாருங்கள். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே, அச்சில், நன்றாக விளைந்த பூசணிக்காய் சைஸில் எண்ணெய் கசிந்த ஓர் உருண்டை தெரியும்.

நம்ம ஊர் லாரி மெக்கானிக் அதை 'ஹவுசிங்' என்பார். அமெரிக்க மெக்கானிக்குகள் நிஜமாகவே 'பம்ப்கின்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பூசணி விஷயத்தில் உலகம் ஒன்றுபட்டிருக்கிறது. லாரிக்கு மட்டுமில்லை, பின் சக்கரம் ஓட்டும் கார்களுக்கும் இதே பூசணி உண்டு. உள்ளே இருப்பதுதான் டிஃபரென்ஷியல். இதைக் கழற்றி உள்ளே வேற பல் சக்கரம் போட்டால் வண்டி பறக்கும் என்று உலகம் பூராவும் இளைஞர்கள் நம்புகிறார்கள். பறக்குமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

முதலில் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸ், அங்கிருந்து ஒரு நீளமான ஷாஃப்ட். அது பூசணிக்குள் நுழைகிற இடத்தில் நுனியில் ஒரு சின்னப் பல் சக்கரம். இது பினியன். அது பெரிய பல் சக்கரம் ஒன்றைச் சுற்றுகிறது. அது கிரௌன் வீல். நீளவாக்கில் வந்த சுழற்சி இங்கே திரும்பி இரண்டு சக்கரங்களுக்கும் போகிறது. அதோடு கிரௌன் வீலின் வயிற்றுக்குள் இன்னும் நாலு குட்டிப் பல் சக்கரங்கள் உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டுமல்லவா? அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது இந்தக் குட்டிகளின் வேலை. டிஃபரென்ஷியல் என்ற பெயர் இவர்களால் வந்தது. ஆனால் 'டிஃபரென்ஷியல் ரேஷியோ' என்று நாம் பேசுவது கிரௌன்-பினியன் ஜோடியின் சமாச்சாரம். வீட்டுக்காரர் பெயரில் லெட்டர் வருகிறது, பிரித்துப் படிப்பது குடித்தனக்காரர்.

கணக்கு சுலபம். கிரௌனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 41-ஐ 11-ஆல் வகுங்கள். 3.73. அதாவது ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 41-க்கு 10 என்றால் 4.10. 43-க்கு 13 என்றால் 3.31. ஏன் நாகரிகமாக 40-க்கு 10 வைத்து சரியாக 4 என்று முடிக்கவில்லை என்று கேட்பீர்கள். 40-க்கு 10 என்றால் பினியனின் ஒவ்வொரு பல்லும் ஆயுசு பூராவும் கிரௌனின் அதே நாலு பற்களைத்தான் கடித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. 41-க்கு 10 என்றால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். அரசு அலுவலகங்களில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் போடுகிறார்களே, அது மாதிரி.

பைக் வைத்திருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. கிரௌன்-பினியனுக்குப் பதில் அங்கே செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும். யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவன் 'பிக்கப்' வேண்டும் என்று பின் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டுவான். புல்லட்காரர் நேர் எதிர். ஹைவேயில் எஞ்சின் கதறாமல் ஓட வேண்டும் என்று முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவார். இரண்டு பேரும் அவரவர் வண்டி 'இம்ப்ரூவ்' ஆகிவிட்டது என்று சத்தியம் செய்வார்கள். ஒருத்தர் கிழக்கே போகிறார், இன்னொருத்தர் மேற்கே போகிறார், இரண்டு பேரும் முன்னேறிவிட்டோம் என்கிறார்கள். இதிலேயே விஷயத்தில் பாதி அடங்கிவிட்டது.

மீதிப் பாதி எனக்கு டல்லாஸிலிருந்து வந்தது.

அக்கா பையன் அங்கே சாஃப்ட்வேரில் இருக்கிறான். 2015 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். 5 லிட்டர் வி-8 எஞ்சின், 435 குதிரைகள், ஆறு கியர், கையால் மாற்றுகிற கியர். பூசணிக்குள் கம்பெனி போட்ட 3.31. ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "மாமா, 4.10 போடட்டுமா?"

மறுநாள் காலையில் அக்கா போன். "ஏண்டா, அவன் கார்ல ஏதோ பல்லு மாத்தணுமாமே? நல்லாத்தானே ஓடிட்டிருக்கு? ரெண்டு வருஷமா ஊருக்கு வரலை. கேட்டா டிக்கெட்டு விலைங்கறான். இப்ப போனஸ் வந்ததும் பல்லு மாத்தறானாம். நீ வேணாம்னு சொல்லிடு. நீ சொன்னாத்தான் கேப்பான்."

சாமான், கூலி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஊருக்கு வந்து போகிற டிக்கெட் காசுதான். அக்காவின் கணக்கு தப்பில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் 'வேணாம்' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவன் கேட்டது எஞ்சினியரிங் கேள்வி. எஞ்சினியரிங் கேள்விக்குப் பாசத்தால் பதில் சொன்னால், அடுத்த தடவை கேட்கவே மாட்டான். நேரே வாங்கி மாட்டிவிடுவான். அதனால் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைத்தான் உங்களிடம் பகிர்கிறேன். மஸ்டாங் இல்லாதவர்களும் படிக்கலாம். என்னிடமும் இல்லை.

3.31-லிருந்து 4.10-க்குப் போனால், ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தில் கிடைக்கிற முறுக்கு 24 சதவிகிதம் கூடுகிறது. 4.10-ஐ 3.31-ஆல் வகுத்தால் வருகிற விடை. விளம்பரத்தில் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த வரி: ஒவ்வொரு கியரும் அதே விகிதத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

எஞ்சினின் பவர் ஒரு துளி கூடவில்லை. 435 குதிரை 435 குதிரைதான். கியர் என்பது சில்லறை மாற்றுகிற கடை. 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் ஐந்து நூறாகவோ ஐம்பது பத்தாகவோ தருவார்கள். ஐம்பது நோட்டு கையில் கனமாக இருக்கும். பணக்காரன் மாதிரியும் தோன்றும். கூட்டிப் பார்த்தால் 500-தான். அதிலும் கடைக்காரர் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்வார். எண்ணெய்ச் சூடாகவும் சத்தமாகவும் போகிற கமிஷன்.

இந்தக் காரின் கியர் விகிதங்கள்: முதல் கியர் 3.66, இரண்டாவது 2.43, மூன்றாவது 1.69, நாலாவது 1.32, ஐந்தாவது 1, ஆறாவது 0.65. எஞ்சின் 7,000 ஆர்.பி.எம். வரை போகும். பின் டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.1 மீட்டர் உருளும். இவ்வளவு போதும்.

3.31 பல்லோடு முதல் கியர் மணிக்கு 73 கிலோமீட்டரில் தீரும். இரண்டாவது 110-ல். மூன்றாவது 158-ல். நாலாவது 202-ல்.

4.10 போட்டால் முதல் கியர் 59-ல் தீர்ந்துபோகும். இரண்டாவது 88-ல். மூன்றாவது 127-ல். நாலாவது 163-ல்.

நடுவில் 3.73 என்று ஒன்று உண்டு. 2015-ல் மஸ்டாங் வாங்கினவர்களுக்கு ஃபோர்டு கம்பெனியே கூடுதல் காசுக்கு 3.55, 3.73 இரண்டும் கொடுத்தது. அதில் முதல் கியர் 65, இரண்டாவது 97, மூன்றாவது 140, நாலாவது 179.

இப்போது ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் ஒரு காரின் வீரத்தை அளக்க 'பூஜ்யத்திலிருந்து 60 மைல்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம்ம கணக்கில் 96.6 கிலோமீட்டர். 3.31-ல் ஒரே ஒரு தடவை கியர் மாற்றினால் 60 மைலைத் தொட்டுவிடலாம். 3.73-லும் ஒரே தடவைதான். இரண்டாவது கியர் 97-ல் தீர்வதால், ரயில் கிளம்பும்போது கடைசிப் பெட்டியில் ஏறின மாதிரி மயிரிழையில் தப்பிக்கிறது. 4.10-ல் இரண்டாவது கியர் 88-லேயே கையை விரித்துவிடுகிறது. மூன்றாவதுக்கு ஒரு தடவை கிளட்சை மிதிக்க வேண்டும். கிளட்ச் மிதிபட்டிருக்கிற நேரத்தில் கார் எதையும் இழுக்காது, சும்மா உருளும். 24 சதவிகிதம் கூட்டி வாங்கியவன், மிச்சம் பிடித்த நேரத்தை அந்த ஒரு கியர் மாற்றலில் கோட்டைவிட்டு நிற்பான்.

இன்னொரு கணக்கும் போட்டேன். 3.31 கார் ஒன்றும் 3.73 கார் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. 65 வரைக்கும் இரண்டுமே முதல் கியர், 3.73-க்கு சுமார் 13 சதவிகிதம் இழுவை அதிகம். 65-லிருந்து 73 வரை? 3.73 இரண்டாவதுக்குப் போய்விட்டது, 3.31 இன்னும் முதல் கியரில் இருக்கிறது. இப்போது பழைய பல்தான் ராஜா. 73-லிருந்து 97 வரை மறுபடி 3.73. 97-லிருந்து 110 வரை மறுபடி 3.31. 100 கிலோமீட்டரில் நிறுத்திப் பாருங்கள். பழைய பல் இரண்டாவது கியரில், எஞ்சின் சுமார் 6,400-ல். அந்த எஞ்சின் முழு பவரையும் தருகிற 6,500-க்குப் பக்கத்தில். புதுப் பல் மூன்றாவது கியரில், எஞ்சின் 5,000-ல். கியர்களின் மொத்தப் பெருக்கம் பழையதில் 8.04, புதியதில் 6.30. 'வேகமான' பல் போட்ட கார் அந்த இடத்தில் பின்தங்குகிறது! அப்புறம் 110-லிருந்து 140 வரை மறுபடி புதுசு. இப்படி கபடி ஆட்டம் மாதிரி மாறி மாறிப் போகிறது.

கூட்டிக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது? ஆறு கியர்கள் நெருக்கமாக இருந்து, எஞ்சினும் கீழிருந்தே நன்றாக இழுத்தால், மிஞ்சுவது கொஞ்சம்தான். 13 சதவிகிதம் பல் கூடினதால் 13 சதவிகிதம் வேகம் என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

"சரி மாமா, முதல் கியர்லயாவது லாபம்தானே?" என்றான் பையன். அங்கேதான் இன்னொரு வில்லன் உட்கார்ந்திருக்கிறார். டயர்.

இந்த எஞ்சினின் அதிகபட்ச டார்க் (இருட்டு இல்லை சார், முறுக்குவிசை) சுமார் 542 நியூட்டன் மீட்டர். முதல் கியரையும் 3.31-ஐயும் பெருக்கினால் 12.1 மடங்கு. டயரின் ஆரத்தால் வகுத்து, வழியில் போகிற 15 சதவிகித நஷ்டத்தையும் கழித்தால், தரையைப் பின்னால் தள்ளுகிற விசை கிட்டத்தட்ட 1,700 கிலோ எடைக்குச் சமம். காரின் மொத்த எடை? சுமார் 1,680 கிலோ. சாதாரண ரோடு டயர், தன் மேல் விழுகிற எடை அளவுக்குத்தான் ஏறக்குறைய இழுக்கும். அந்த எடையில் பின் சக்கரங்களின் மேல் இருப்பது, கிளம்பும்போது பின்னால் சாய்வதையும் சேர்த்து, பாதிக்குக் கொஞ்சம் மேலே. அதாவது கம்பெனி கொடுத்த 3.31-லேயே முதல் கியரில் முழுக்க மிதித்தால் டயர் வழுக்கி, புகை வந்து, பக்கத்து லேன்காரர் கெட்ட வார்த்தை சொல்வார். ஏற்கெனவே நிரம்பி வழிகிற குடத்தில் இன்னும் 24 சதவிகிதம் தண்ணீர் ஊற்றினால் நனைவது தரைதான்.

அவன் ஆசைப்பட்டது கால் மைல் பந்தயம். டல்லாஸுக்குத் தெற்கே என்னிஸ் என்ற ஊரில் டெக்சாஸ் மோட்டார்ப்ளெக்ஸ் என்று 1986-லிருந்து ஒரு டிராக் இருக்கிறது. நேர்கோட்டில் 402 மீட்டர். விளக்கு பச்சையானால் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். (நம்ம ஆட்கள் இதையே சிக்னலில் இலவசமாகச் செய்கிறார்கள்.) இவன் காரைப் போன்ற வண்டி அந்தக் கோட்டைத் தாண்டும்போது வேகம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். இப்போது மேலே போய் நாலாவது கியர் கணக்கைப் பாருங்கள். 3.73-ல் 179. கோட்டைத் தாண்டவும் நாலாவது கியர் தீரவும் சரியாக இருக்கிறது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. 4.10-ல் 163-லேயே தீர்ந்து, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஐந்தாவதுக்கு மாற்ற வேண்டும். பந்தயத்தின் கடைசி நொடிகளில் கிளட்சை மிதிப்பது, கல்யாண வீட்டில் பாயசம் வரும்போது கை கழுவப் போவது மாதிரி.

அப்படியென்றால் பல் மாற்றுவதே ஏமாற்று வேலையா? இல்லை. சில வண்டிகளில் அதுதான் முதல் மருந்து.

இதே மஸ்டாங்கின் தாத்தா ஒருவர் இருந்தார். 1987-லிருந்து 1993 வரை வந்த 5 லிட்டர் மஸ்டாங். கையால் மாற்றுகிற ஐந்து கியர். அதில் கம்பெனி போட்ட பல் 2.73. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் அமெரிக்க அரசாங்கம், ஒவ்வொரு கம்பெனியும் விற்கிற கார்கள் சராசரியாக இத்தனை மைலேஜ் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு மைலேஜ் காட்ட வேண்டுமென்றால் எஞ்சினைத் தூங்கவைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதற்குத்தான் 2.73. ஐந்தாவது கியர் 0.68 என்பதால், 110 கிலோமீட்டரில் அந்த எஞ்சின் வெறும் 1,700 ஆர்.பி.எம்.மில் குறட்டை விட்டது. ஐந்தாவது கியரில் எஞ்சின் தன் முழு பவரைக் காட்டுகிற 4,200-ஐத் தொட வேண்டுமானால் கார் 270 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அந்த 225 குதிரைக் காரால் அது ஆகிற காரியமில்லை. அதில் 2.73-ஐக் கழற்றிவிட்டு 3.55 போட்டவர்கள் 30 சதவிகிதம் இழுவையை வாங்கினார்கள். கொடுத்தது என்ன? அவர்கள் என்றைக்கும் தொடப்போகாத 270-ஐ. பீரோவில் இருந்த பழைய வேட்டிக்குப் பாத்திரம் வாங்கின மாதிரி நல்ல பேரம். அமெரிக்காவில் 'பல் மாற்று, பறக்கும்' என்ற மந்திரம் பரவியதில் இந்த மாதிரி கார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மந்திரம் அந்தக் காருக்கு உண்மை. ஆறு கியர் வந்த பேரனுக்கு அதே அளவு உண்மையில்லை.

இன்னொரு ஜாதி, உச்சியில் மட்டும் உயிர் வருகிற எஞ்சின்கள். ஹோண்டா இண்டெக்ரா டைப் ஆர் என்று ஜப்பானில் ஒன்று வந்தது. 1.8 லிட்டரில் 200 குதிரை, அதுவும் 8,000 ஆர்.பி.எம்.மில். கீழே சாது, மேலே சந்நதம். முன் சக்கரம் ஓட்டும் கார் என்பதால் பூசணி கிடையாது, அதே வேலை கியர் பாக்ஸுக்குள்ளேயே நடக்கிறது. 4.4-ஆக இருந்த அந்த விகிதத்தை 1998 மாடலில் ஹோண்டாவே 4.785 ஆக்கியது. இப்படிப்பட்ட எஞ்சினை எப்போதும் மேல் மாடியிலேயே குடிவைக்க வேண்டும், கீழே இறங்கினால் தூங்கிவிடும். அங்கே பல்லைக் கூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

டயர் மாற்றினவர்களும் உண்டு. ஜீப்புக்கு ஆள் உயர டயர் போட்டுவிட்டு 'வண்டி இழுக்கலை' என்று புலம்புவார்கள். டயர் 10 சதவிகிதம் பெரிசானால் பல் 10 சதவிகிதம் இறங்கினதற்குச் சமம். அவர்கள் பல்லைக் கூட்டுவது முன்னேற்றமில்லை, பழைய நிலைக்குத் திரும்புவது. இதையே தலைகீழாகவும் யோசிக்கலாம். அடுத்த தடவை டயர் மாற்றும்போது 4 சதவிகிதம் குட்டையான டயர் போட்டால், 3.31 ஏறக்குறைய 3.45 போல நடந்துகொள்ளும். பூசணியைத் திறக்காமலே ருசி பார்த்துவிடலாம்.

ரேஸ்காரர்களுக்கு இந்தத் தத்துவம் பழக்கம். ஃபார்முலா ஒன்னில் 2013 வரை ஒவ்வொரு ஊருக்கும் தகுந்தபடி கியர் விகிதங்களை மாற்றிக்கொண்டார்கள். மொனாக்கோவின் சந்துபொந்துக்கு ஒன்று, மான்ஸாவின் நீண்ட நேர்பாதைக்கு இன்னொன்று. 2014-லிருந்து எட்டு கியர். சீசன் முழுக்க ஒரே விகிதங்கள் என்று விதி வந்தது. அத்தனை கோடி செலவு செய்கிறவர்களே 'சிறந்த விகிதம்' என்று ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று வைத்திருந்தார்கள்.

நம்ம பையனின் 'ஊர்' எது என்று கேட்டேன். தினமும் ஆபீஸுக்கு ஹைவேயில் போக வர 90 கிலோமீட்டர். என்னிஸுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஆறாவது கியரில் 110 ஓட்டும்போது இப்போது எஞ்சின் சுமார் 1,900. 3.73-ல் 2,100. 4.10-ல் 2,300-க்குக் கொஞ்சம் மேலே. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், வீடு விற்கிற அளவுக்கு இல்லை. ஆனால் மாதத்தில் இருபது நாள் இந்தக் கமிஷனைக் கட்டி, ஒரு சனிக்கிழமை அனுபவிக்கிறான்.

இதைவிடப் பெரிய விஷயம் மாட்டுகிறவர் கை. கிரௌன்-பினியன் மாற்றுவது பல்பு மாற்றுகிற மாதிரி இல்லை. இரண்டு பற்களுக்கும் நடுவே விடுகிற இடைவெளி அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். அதை மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்வார்கள். பல்லில் சாயம் பூசிச் சுற்றி, எங்கே கடிக்கிறது என்று தடம் பார்ப்பார்கள், பல் டாக்டர் நீலத் தாளைக் கடிக்கச் சொல்கிற மாதிரி. (அக்கா 'பல்லு' என்று சொன்னது இந்த இடத்தில் ரொம்பப் பொருத்தம்.) பினியன் பேரிங்கின் இறுக்கத்துக்குத் தனி அளவு. இதில் எது தவறினாலும் 80 கிலோமீட்டர் தாண்டினதும் பூசணி ஊளையிட ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் பல் கொட்டும். சரியாக மாட்டினாலும் முதலில் சில நூறு கிலோமீட்டர் பதமாக ஓட்டி, சூடேற்றி ஆறவைத்து, எண்ணெய் மாற்ற வேண்டும். புதுப் பல்லை வாங்கினவன் முதல் நாளே டிராக்குக்குப் போனால் சூட்டில் பல்லின் பதமே போய்விடும்.

புது விகிதத்தைக் காரின் கம்ப்யூட்டருக்கும் சொல்ல வேண்டும். பழைய கார்களில் கியர் பாக்ஸின் வாலில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் சக்கரம்தான் ஸ்பீடாமீட்டரை ஓட்டியது. பூசணியில் பல்லை மாற்றிவிட்டு அதை மாற்றாமல் விட்டால், 100-ல் போகும்போது மீட்டர் 120 காட்டும். 'பல் மாத்தினதும் காட்டுற ஸ்பீடைப் பாருடா' என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டவர்களில் எத்தனை பேர் இந்த ஜாதியோ.

இத்தனையும் சொல்லிவிட்டு அவனுக்கு என் தீர்ப்பை அனுப்பினேன். 4.10 வேண்டாம், அவன் காருக்கும் அவன் பாதைக்கும் அது பொருந்தவில்லை. 3.73 தப்பில்லை, ஆனால் இரண்டாவது இடத்தில். முதல் இடம் நல்ல பிடிப்புள்ள பின் டயருக்கு. டயர் போட்டு என்னிஸில் நாலு தடவை ஓடி, ஒவ்வொரு தடவையும் கொடுக்கிற சீட்டில் முதல் 60 அடியைத் தாண்டின நேரத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். டயர் வழுக்குகிறதா, எஞ்சின் திணறுகிறதா என்று அந்த ஒரு எண் சொல்லிவிடும். டயர் வழுக்காமல் பிடித்து, அப்புறமும் வண்டி சோம்பினால் பூசணியைத் திறக்கலாம்.

டயர் வாங்கிவிட்டான். நாலு ஓட்டச் சீட்டுகளையும் போட்டோ எடுத்து அனுப்பினான். 60 அடி நேரம் நன்றாகவே குறைந்திருக்கிறது. பல் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் மிச்சம் இருப்பதை என்ன செய்யப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. அது எஞ்சினியரிங் கேள்வி இல்லை. அக்கா கேட்டிருப்பாள்.

கடைசியாக, செகண்ட் ஹேண்டில் பின் சக்கர வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முன்னால் வைத்திருந்தவர் பூசணிக்குள் என்ன போட்டார் என்று அவர் வாய்மொழியை நம்ப வேண்டியதில்லை. சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி (மற்றது தரையிலேயே இருக்கட்டும்) சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் இரண்டையும் தூக்கி, இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. அதற்குள் ஷாஃப்ட் எத்தனை தடவை சுற்றுகிறது என்று கூட ஒருத்தரை எண்ணச் சொல்லுங்கள். மூணே முக்காலுக்குத் துளி குறைவு என்றால் 3.73. நாலைத் தாண்டிக் கொஞ்சம் போனால் 4.10. மூணேகாலுக்குத் துளி அதிகம் என்றால் 3.31.